பாய்லர்க்காரர் மகளின் காது

ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பின் பாய்லர் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே போனாலும் ஆளுக்கு முன்னால் குரல் போய் நிற்கும். அதிலும் அய்யாக்கண்ணு மேஸ்திரியின் குரல் தனி ரகம். சாயங்காலச் சங்கு ஊதியதும் மெட்டுகுடா குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வருவார். சந்து முனையில் நின்று பால்காரனிடம் எருமை சௌக்கியமா என்று விசாரிப்பார். அதைக் கேட்டே கடைசி வீட்டில் அவர் மனைவி செல்லம்மா காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிடுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த வீட்டில் நித்தம் சண்டை என்று எண்ணி, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிப் போவதுண்டு. சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. ரசத்துக்கு உப்பு போதுமா என்று கேட்பதே அங்கே அந்தத் தொண்டையில்தான்.

காரணம் பாய்லர். விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் வந்து சேர்ந்த அய்யாக்கண்ணுவை, ஆள் ஒல்லி, உள்ளே நுழைவான் என்று பாய்லரின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். வெளியே இரண்டு பேர் பழுக்கக் காய்ந்த ரிவெட்டைச் சம்மட்டியால் அடிப்பார்கள். உள்ளே இவர் இரும்பால் முட்டுக் கொடுத்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். மேஸ்திரியாகி வெளியே வந்தபோது காதில் பாதிக்கு மேல் உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பாய்லர்க்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. வேலையிடத்தில் கைஜாடைதான் பேச்சு. விரித்த கையைக் கவிழ்த்தால், நிறுத்து. முஷ்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால், ரிவெட் பிடித்துவிட்டது, இனி அசையாது. அந்த ஜாடைகள் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. செல்லம்மாவும் மகள் கமலமும் பாதி வாயாலும் பாதி கையாலும்தான் அவரோடு பேசுவார்கள்.

அவருக்கு ஒரு வீம்பு உண்டு. காது கேட்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டார். எதிராளியின் வாயைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், பிறகு தலையைப் பலமாக ஆட்டி, "ஹவ், ஹவ்" என்பார். ஆமாம் என்பதற்கு ஹைதராபாத்தில் அப்படித்தான். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே கல்யாணம், கருமாதி, சங்கக் கூட்டம் எல்லாவற்றையும் சமாளித்து வந்தார்.

ஒர்க்ஷாப் தமிழர்கள் சங்கம் வைத்திருந்தார்கள், சங்கம் ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தது. வேலவர் தமிழ்ப் பாடசாலை என்று பெயர். நிஜாமின் வெள்ளி விழாவுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டிய வருஷம், சங்கக் காரியதரிசி நடேசன் ஒரு யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்திலேயே ஒரு வைத்திய அறை வைப்போம். நர்ஸ் ஒருத்தி தினமும் இருக்கட்டும். சனிக்கிழமை டாக்டர் வரட்டும். பிள்ளைகளின் கண், காது, பல், தோல் எல்லாம் பார்த்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஆட்கள் எந்த நல்ல யோசனையைச் சும்மா விட்டிருக்கிறார்கள்?

பள்ளிக்கூடமா, தர்ம ஆஸ்பத்திரியா என்று ஒருவர் கேட்டார். எங்கள் பிள்ளை தலையில் பேன் இருக்கிறதென்று நாலு பேருக்கு முன்னால் சொன்னால் மானம் போகாதா என்றார் இன்னொருவர். நடேசன் பதில் சொல்லத் திணறுவது அய்யாக்கண்ணுவுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எழுந்துவிட்டார்.

"ஓடுற இஞ்சினுக்கு ஷெட் இருக்குது. ரிப்பேர் ஆனாத்தான் ஷெட்டுக்கு வரணும்னு உண்டா? நல்லா ஓடிக்கினு இருக்கும்போதே கொண்டாந்து நிறுத்தி, உள்ள கழுவி, குழாய்க்குக் குழாய் வெளக்கு வுட்டுப் பாக்கறோம். கரி தின்ற இரும்புக்கு இத்தினி மருவாதி. சோறு தின்ற நம்ம புள்ளைங்களுக்கு மட்டும் கிடையாதா? கைக்கு?"

அந்த 'கைக்கு' கூரையில் பட்டுத் திரும்பியது. ஏன் என்று கேட்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது. அன்றைக்கே அறை தீர்மானமாயிற்று.

உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒர்க்ஷாப் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். தச்சுப் பிரிவு மேஜை செய்தது. பிட்டர்கள் குழாய் போட்டார்கள். ஊசியும் இடுக்கியும் கொதிக்கவைக்கிற பெட்டி பாய்லர் பிரிவின் பங்கு. அய்யாக்கண்ணு விடுவாரா? செம்புத் தகட்டில் ஒரு குட்டி பாய்லரே செய்துவிட்டார். வரிசையாக ரிவெட், மேலே ஆவி வால்வு, தண்ணீர் கொதித்தால் கீச்சென்று விசில்.

நர்ஸ் வேதமணி பாளையங்கோட்டைக்காரி. எல்லோருக்கும் வேதா நர்ஸ். அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவரிடம் பேசுவதற்கென்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

"ஊசி அவிக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு ஏற்பாடு? விசில் அடிச்சா பிள்ளைக ரயில் வருதுன்னு ஓடிரப் போகுது."

"ஓடட்டும் நர்ஸம்மா. இங்கதான ஓடியாரும்" என்றார் அய்யாக்கண்ணு.

அப்படியே ஆயிற்று. காலையில் விசில் கேட்டதும் பிள்ளைகள் அறை வாசலில் கூடிவிடும். மழைக்காலம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்தின் முகமே மாறிப்போனது. சொறி பிடித்த கைகள் ஆறின. பீளை கட்டிய கண்கள் திறந்தன. வயிற்றுப்பூச்சிக்கு மருந்து குடித்த பிள்ளைகள் பசி பசி என்று வீட்டைப் பிடுங்கின. லாலாகுடா தெலுங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் உருதுப் பள்ளி மௌல்வியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். யார் வந்தாலும் அய்யாக்கண்ணுவுக்குச் செய்தி போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, செம்புப் பெட்டியின் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றுகொள்வார்.

ஆனால் அவர் மகள் மட்டும் அந்த அறைக்குள் இன்னும் போகவில்லை. மேஸ்திரியின் பெண்ணே முதல் ஆளாகப் போய் நின்றால், தன் வீட்டுக்காகத்தான் ஊரைக் கூட்டினான் என்று சொல்லமாட்டார்களா? ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்த்து முடியட்டும், கமலம் கடைசியாகப் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தார். அது ஊருக்குச் சொன்னது. உள்ளே வேறொன்றும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் கமலத்துக்குக் காது வடிந்துகொண்டிருந்தது. குழந்தைக்குக் காது வடிவது உலகத்தில் இல்லாததா? வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டு, பஞ்சு அடைத்தால் நின்றுவிடும். அப்பனே அந்த வைத்தியம் பார்த்தார், நின்றும்போனது. பின்னே அறைக்கு எதற்கு? தன் வீட்டுப் பாய்லரில் ஒழுக்கு என்று தானே போய்ச் சொல்வதற்கு அவருக்கு மனம் வரவில்லை. நர்ஸ் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல் என மகளுக்கும் ஜாடை காட்டியிருந்தார்.

கமலம் மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். வகுப்பு, தலைமையாசிரியர் பத்மநாபனுடையது. தங்கமான மனிதர். அடிக்கமாட்டார், அதட்டமாட்டார். ஆனால் எந்நேரமும் வாயில் வெற்றிலை. அதைச் சிந்தாமல் அடக்கிக்கொண்டு உதடு பிரியாமல்தான் பாடம் நடத்துவார். கமலம் உயரமானவள் என்பதால் கடைசிப் பெஞ்சு. அவர் என்ன கேட்டாலும் அவள் தலையை ஆட்டி, "ஹவ் சார்" என்பாள். ஏழும் ஐந்தும் எத்தனை? ஹவ் சார். இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்று அவர் முடிவுக்கு வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஒரு வியாழக்கிழமை அய்யாக்கண்ணுவை வரச்சொல்லிப் பேசினார். வெற்றிலை வாயோடுதான். அய்யாக்கண்ணு அவர் உதட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. 'கமலம்' என்பது கேட்டமாதிரி இருந்தது. 'நல்ல பெண்' என்பதும் இருந்தது. 'தையல்' என்று ஏதோ வந்தது. சாரின் முகம் சாந்தமாக இருந்தது. மகளைத்தான் மெச்சுகிறார் என்று மேஸ்திரி கணக்குப் போட்டுக்கொண்டார்.

"ஹவ் சார். உங்க இஷ்டம் சார். நீங்க பாத்துச் செஞ்சா சரி" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். வரும் வழியில் ஜிலேபி வாங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை. கமலத்தின் பையும் சிலேட்டும் மூலையில் கிடந்தன. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செல்லம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பொண்ணுக்குப் படிப்பு வரல, எடம் வேற புள்ளைக்கு ஆவும், ஊட்டுல வச்சித் தையல் கத்துக் குடுங்கன்னு சாரு சொன்னாராமே. நீயும் சரின்னு கும்புட்டுட்டு வந்தியாமே. எம் பொண்ண நிறுத்தறதுக்குத்தான் ஜிலேபியா?"

ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு நன்றாகக் கேட்டது. கேட்காமலே போயிருக்கலாம். அந்தப் பெண்ணை மெட்ரிக் வரை படிக்கவைக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. தன்னைப் போல் இரும்புக்குள் குந்துகிற பிழைப்பு அவள் பக்கம் வரவே கூடாது. அந்த ஆசையைத் தன் தலையாலேயே ஆட்டித் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் லீவு சொல்லிவிட்டு, கமலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பத்மநாபன் சார் வராந்தாவில் நின்றார். அய்யாக்கண்ணு கேட்டார், சார் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது இன்றைக்கும் கேட்கவில்லை. மேஸ்திரியின் குரல் ஏற ஏற, சாரின் உதடு இன்னும் இறுகியது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் எட்டிப்பார்த்தன. அப்போது வைத்திய அறையிலிருந்து வேதா நர்ஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க. நேத்து இந்தப் பிள்ளை பையைத் தூக்கிட்டுப் போகையில உங்க பெட்டி விசில் அடிச்சுது. பள்ளிக்கூடமே திரும்பிப் பாத்துது. இவ திரும்பல. நானும் பின்னாலயே போய் கமலம் கமலம்னு கூப்பிடுதேன், அவ பாட்டுக்கு நடக்கா. எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைய அந்தச் சுவரைப் பாக்க நிக்க வைங்க."

அவள் வாயைப் பார்த்து இதெல்லாம் அவருக்குப் புரிந்தது. கமலம் தனியாக நிற்கப் பயந்ததால் அவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். சுண்ணாம்பு அவரே அடித்தது. பூசாமல் விட்ட ஒரு மூலை கண்ணில் பட்டது. பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ தோளைத் தொட்டார்கள்.

திரும்பினால், பத்மநாபன் சாரின் வாய் அசைவதை நிறுத்தியிருந்தது. வெற்றிலை கன்னத்தில் அப்படியே நின்றது.

"அண்ணாச்சி, நான் பின்னால நின்னு என்ன கேட்டேன், சொல்லுங்க" என்று நர்ஸ் உரக்கக் கேட்டாள்.

வாய் முந்திக்கொண்டது. "ஹவ்" என்றார்.

பக்கத்தில் கமலமும் தலையை ஆட்டினாள். "ஹவ்."

நர்ஸ் அவர் முகத்துக்கு நேரே வந்து நிதானமாகச் சொன்னாள். "ஒங்க ரெண்டு பேருக்கும் பின்னால பாம்பு நிக்குன்னு சொன்னேன் அண்ணாச்சி. ஒருத்தரும் திரும்பல. இந்தப் பிள்ளை மக்கு இல்ல. இவளுக்குக் காது கேக்கல. ஒங்க வீட்டுல எல்லாரும் கத்துதீக, கையால பேசுதீக. அதான் இத்தனை நாளா ஒருத்தருக்கும் தெரியல."

அய்யாக்கண்ணு மகளைப் பார்த்தார். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். அப்பா மேல் பாசம் என்று நினைத்திருந்தார்.

அவர் பத்மநாபன் சாரிடம் திரும்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக அதைச் சொன்னார்.

"எனக்கும் கேக்காது சார். முந்தாநாள் நீங்க சொன்னதுல ஒரு வார்த்த கேக்கல. வெக்கப்பட்டுக்கினு தலய ஆட்டிட்டேன். அவளும் என்னப் பாத்து அதயே கத்துக்கினா. தயவுபண்ணி இன்னொரு தரம் சொல்லுங்க."

பத்மநாபன் சார் வராந்தா ஓரத்துக்குப் போய் வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்கமில்லாத சத்தத்தில் சொன்னார். "முதல்ல டாக்டர் பார்க்கட்டும், மேஸ்திரி. மற்றது பிறகு பேசுவோம்."

டாக்டர் ஜேம்ஸ் சிகந்திராபாத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். இளம் வயது, அவசரம் இல்லாத கை. நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டி ஜன்னல் வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பிப் பார்த்தார். இடது காதைப் பார்த்தார், வலது காதைப் பார்த்தார், மறுபடி இடதைப் பார்த்தார். ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். செம்புப் பெட்டியிலிருந்து மெல்லிய இடுக்கியை நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். அய்யாக்கண்ணு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வந்தது கறுத்து இறுகிப்போன ஒரு திரி. டாக்டர் அதைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டார். வலது காதிலிருந்தும் ஒன்று வந்தது. நர்ஸ் மருந்துத் தண்ணீர் ஊற்றினாள். அழுக்குக் கரைந்தது. உள்ளே நூல் தெரிந்தது. சிவப்பு நூல், நீல நூல்.

அந்த நூலை மெட்டுகுடாவில் தெரியாதவர்கள் கிடையாது. ஒர்க்ஷாப்பில் எண்ணெய் துடைக்க மூட்டை மூட்டையாக வருகிற கழிவு நூல். 'வேஸ்ட்' என்றே அதற்குப் பெயர். பாய்லர்க்காரர்கள் வேலைக்கு இறங்கும்முன் அதைத்தான் காதில் அடைத்துக்கொள்வார்கள். காது வடிந்த மகளுக்கும் அதையேதான் அப்பன் அடைத்தார். தனக்குச் செய்வதையே அவளுக்கும் செய்தார், ஆசையோடுதான் செய்தார். அடைத்ததில் பாதி உள்ளேயே தங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியாது. வடிவது நின்றதும் இந்த அடைப்பால்தான்.

"அது என் பஞ்சு" என்றார் அய்யாக்கண்ணு. தனக்கே கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்த அறைக்காக ஊரைக் கூட்டிப் பேசியவர், அதற்குச் செம்புப் பெட்டி செய்து கொடுத்தவர், தன் பிள்ளையை அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார். அவமானம் அவரைப் பிய்த்துத் தின்றது.

டாக்டர் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். ஜவ்வில் சின்னப் புண்தான், ஆறிவிடும், தினமும் துடைத்து மருந்து விட வேண்டும், ஒரு துளி எண்ணெய் கூடாது, பஞ்சு கூடவே கூடாது என்றார். கேட்குமா என்று அய்யாக்கண்ணு கேட்டார். அநேகமாகக் கேட்கும் என்றார் டாக்டர். அந்த 'அநேகமாக' மேஸ்திரியின் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது.

பத்மநாபன் சாரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். "காது சரியானால் மட்டும் போதாது, மேஸ்திரி. இரண்டு வருஷப் பாடம் போயிருக்கிறது. பண்டிகை லீவு முடிந்ததும் சொல்வதெழுதுதல் பரீட்சை வைக்கிறேன். தேறினால் அவள் இடத்தை ஒருவரும் தொடமுடியாது."

மறுநாள் சங்கக் கூட்டம். அய்யாக்கண்ணு எழுந்ததும், இஞ்சின் கதையை மறுபடி சொல்லப்போகிறார் என்று ஆட்கள் வசதியாக உட்கார்ந்தார்கள். அவர் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

"இது எம் பொண்ணு காதுலருந்து வந்தது. அடச்சவன் நான்தான். அவளுக்குக் காது கேக்கலன்னு எனக்குத் தெரியல, எனக்கே கேக்காததால. நம்ம பாய்லர்க்காரன் ஊட்டுல கத்திக் கத்தித்தான் பேசறோம். எவன் ஊட்டுப் புள்ளைக்குக் கேக்குது, எவன் ஊட்டுப் புள்ளைக்குக் கேக்கலன்னு நமக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலீல புள்ளைங்களக் கூட்டிக்கினு அறைக்கு வாங்க. வெக்கப்படாதீங்க. வெக்கப்பட்டவன் ஒருத்தன் போதும்."

திங்கட்கிழமை காலை விசில் அடிப்பதற்கு முன்பே பாய்லர் பிரிவுப் பிள்ளைகள் வரிசையில் நின்றன. மக்கு என்று பெயர் வாங்கிக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னும் சில பிள்ளைகளின் காதுகளிலும் அதே சிவப்பும் நீலமும் கிடைத்தன. மேஸ்திரி முந்திக்கொண்டு தன் தப்பைச் சொல்லியிருந்ததால் மற்ற அப்பன்மார்களுக்குச் சுலபமாகிவிட்டது.

கமலத்துக்கு மருந்து தினமும் நடந்தது. நர்ஸ் விடுகிற மருந்து காதுக்குள் நுரைக்கும்போது அவள் கூசிச் சிரிப்பாள். அய்யாக்கண்ணு வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நாளாக ஆக வடிவது உண்மையாகவே நின்றது. ஒருநாள் அவர் வாசலில் நின்றிருந்தபோது, செம்புப் பெட்டியின் வால்வில் ஆவி எழுந்தது. விசில் அவருக்குக் கேட்பதில்லை. கீச்சுச் சத்தம் எதுவுமே அவருக்குப் போய்ச் சேராது. ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அன்றைக்கு ஆவி எழுந்த அதே நேரத்தில் கமலம் சட்டென்று தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. அன்றைக்கு மேஸ்திரி ஒர்க்ஷாப்புக்குத் தாமதமாகப் போனார். கேட் கிளார்க் கேட்டதற்கு, எம் பெட்டி விசில் அடிச்சுது என்று மட்டும் பதில் சொன்னார்.

மாலை நேரங்களில் வேதா நர்ஸ் அறையைப் பூட்டும்முன் கமலத்தை உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுத்தாள். யாரும் கேட்டுக்கொண்டு அவள் செய்யவில்லை. காது மட்டும் சரியாகி, படிப்பு வராமல் போனால் தன் வைத்தியம் பாதிதான் என்றாள்.

பரீட்சை நாள் வந்தது. அய்யாக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே நின்றார். வகுப்பில் கமலம் முன்பெஞ்சில், சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்தாள். பத்மநாபன் சார் வாயில் வெற்றிலை இல்லை. ஆனால் மனிதர் நேரே நிற்காமல், பெஞ்சுகளுக்குப் பின்னால் போய்விட்டார். மேஸ்திரிக்குத் திக்கென்றது. முன்னால் நில்லுய்யா, அவள் உன் வாயைப் பார்க்க வேண்டாமா என்று கத்தத் தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டார்.

சார் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். என்ன படித்தார், எவ்வளவு சத்தமாகப் படித்தார் என்பது ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மகளின் கை. சாரின் தாடை அசைந்தது, கமலத்தின் பலப்பம் ஓடியது. தாடை நின்றது, பலப்பமும் நின்றது. மறுபடி அசைந்தது, மறுபடி ஓடியது. அவள் ஒருதடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டையும் பார்க்கவில்லை. சார் நிறுத்திய இடத்தில் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். காதைக் கொடுத்துக் காத்திருக்கிற ஒரு பிள்ளையை அய்யாக்கண்ணு அவ்வளவு கவனமாக அதற்குமுன் பார்த்ததில்லை.

பத்மநாபன் சார் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். ஓரிடத்தில் பலப்பத்தால் திருத்தினார். பிறகு ஜன்னல் பக்கம் நடந்து வந்து, சிலேட்டைக் கம்பிக்கு இந்தப் பக்கம் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். அய்யாக்கண்ணுவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் சிலேட்டைத் தாண்டி மகளைப் பார்த்தார். கமலம் முஷ்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக் காட்டினாள்.

ரிவெட் பிடித்துவிட்டது. இனி அசையாது.

கமலம் நான்காம் வகுப்புக்குப் போனாள். வீட்டில்தான் புதிதாக ஒரு தகராறு கிளம்பியது. தன் குரல் தனக்கே கேட்க ஆரம்பித்ததும் அந்தப் பெண் கத்துவதை விட்டுவிட்டாள். பேச்சு இறங்கி இறங்கி, மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டது. சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். உதடு அசையும், அவ்வளவுதான். அய்யாக்கண்ணு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா குந்திக்கினு கெடக்கறாரு இல்ல? அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமா படிடி" என்று அதட்டினாள்.

கமலம் குரலை உயர்த்த வாயெடுத்தாள். அய்யாக்கண்ணு விரித்த கையைக் கவிழ்த்து நிறுத்தினார்.

"நக்கோ. அவ அப்டியே படிக்கட்டும்."

மறுநாள் சாயங்காலச் சங்கு ஊதியது. சந்து முனையில் பால்காரன் எருமையோடு நின்றிருந்தான். மேஸ்திரி அன்றைக்கு எருமையை விசாரிக்கவில்லை. அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேருகிற அந்தக் குரலில் சொன்னார்.

"எம் பொண்ணு பேசினா இப்பல்லாம் எனக்கே கேக்கறதில்ல, தெரியுமா?"